பெட்ரோல் தொட்டியின் பெருமூச்சு

ஷாகுல் ஹமீதுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. குர்லாவில் ஆட்டோரிக்‌ஷா இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டிப் பிழைக்கிறவருக்கு அதற்கெல்லாம் நேரமும் கிடையாது. அப்படிப்பட்டவர் போன மாசி மாதம் மாட்டுங்காவில் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஸார், ஜம்பு ஸார் போவலை. அந்த பிளேன்லயேதான் இருக்காரு" என்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனிதர் முகம் வெளிறிப் போயிருந்தது.

ஜம்பு என் மேல்மாடிக்காரர். இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றால் நம்மவர்கள் கோயில் கமிட்டியில் சேருவார்கள். இவர் விமானம் கட்டினார். அவரைக் கேலி செய்வதில் நான்தான் முதல் ஆள். இரண்டு பேர் உட்காரக்கூடிய குட்டி விமானம். அம்பர்நாத்தைத் தாண்டி ஒரு தனியார் ஓடுதளத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு அதில் வைத்திருந்தார். உடம்பு, இறக்கை, பெட்ரோல் தொட்டி எல்லாம் ஜம்புவின் கைவேலை. இன்ஜின் மட்டும் ஷாகுலின் பொறுப்பு.

ஷாகுல் தாராவியில் பிறந்து வளர்ந்தவர், பூர்வீகம் கடையநல்லூர். ஜம்பு நின்றுபோன ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு அவர் பட்டறைக்குப் போனதில் தொடங்கிய சிநேகம் அது. ஞாயிறுதோறும் லோக்கல் ரயிலில் வாக்குவாதம் செய்துகொண்டே போவார்கள். ஷாகுல் ஏதாவது தப்புச் செய்தால் ஜம்பு திட்ட மாட்டார். மூக்கு வழியாக நீளமாக ஒரு பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான். அதற்குப் பேசாமல் நாலு அறை கொடுத்துவிடலாம் என்று ஷாகுல் என்னிடம் புலம்பியிருக்கிறார்.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு விமானத்துக்கும் பூஜை உண்டு. விசிறிக்கு, சக்கரத்துக்கு, கடைசியாகக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெட்ரோல் தொட்டியின் மூடிக்கு. அதுதான் விமானத்தின் நெற்றி என்பார் ஜம்பு. மூடியின் நட்டநடுவில் சந்தனத்தைக் கட்டை விரலால் அழுத்தி வைத்து, மேலே குங்குமம் இடுவார். பூஜை சமாசாரத்தில் ஷாகுல் கை வைக்க மாட்டார். சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு ஒதுங்கி நிற்பார்.

போன ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, கொட்டகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஜம்பு கூடத்தில் சரிந்தார். "ஊக்கு... ஊக்கு குடு" என்று மனைவி அகிலாண்டத்திடம் இரண்டு தடவை கேட்டார். அதோடு சரி. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் ஊக்கைக் கேட்டுவிட்டா போவது என்று அந்த அம்மாள் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அழுதார். எனக்கும் அது முள்ளாகத்தான் உறுத்தியது.

தை மாதம் மகள் சாருலதா விமானத்தை வெளியே எடுத்தாள். வங்கியில் வேலை, ஓட்டும் லைசென்ஸ் முறையாக வாங்கியவள். மேலே போய்ச் சிறிது நேரம் ஆனதும் இன்ஜின் இருமி நின்றுவிட்டது. ஓடுதளத்தை விட்டு விலகாமல் வட்டமடித்ததால் மிதந்துகொண்டே வந்து இறங்கினாள். ஷாகுல் ஓடிப்போய்ப் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தார். தொட்டிக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது, ஜம்புவுடையதைப் போலவே.

அதன் பிறகு அவர் கார்புரேட்டரைப் பிரித்தார். பிளக், பில்டர், குழாய் எல்லாவற்றையும் மாற்றினார். தரையில் ஓட்டினால் தங்கமாக ஓடும். மேலே போனால் நிற்கும். மூடியைத் திறந்தால் பெருமூச்சு. "அவர் பொண்ணைக் கூப்பிடறார்" என்று அகிலாண்டம் அன்ன ஆகாரமில்லாமல் படுத்துவிட்டார். பெண்ணோ நிறுத்துவதாக இல்லை.

இதற்குத்தான் ஷாகுல் என்னைத் துணைக்குக் கூப்பிட வந்திருந்தார். போனேன். என் கண்ணெதிரே இன்ஜின் நின்றது, அவள் இறங்கினாள், மூடி திறந்தது, மூச்சும் கேட்டது.

"போதும் பாப்பா. இனிமே ஏறாத" என்றார் ஷாகுல்.

"டென்ஷன் மத் லோ, கவலப்படாதீங்க அங்கிள். அப்பா இருந்தா நல்லதுதானே? வீட்டுல இல்ல. இங்கயாவது இருக்காரே" என்று சிரித்தாள். "நெக்ஸ்ட் சண்டே மறுபடி போவேன்."

அவள் கை கழுவப் போனதும் ஷாகுல் இன்ஜினைத் தரையில் ஓட்டிப் பார்த்தார். வழக்கமாக மூடியைக் கழற்றி வைத்து, குச்சி விட்டு அளவு பார்த்துக்கொண்டே ஓட்டுவார். அன்றைக்கு அந்த மூச்சுக்குப் பயந்து மூடியை இறுக்கித் திருகிவிட்டார். சிறிது நேரத்தில் இன்ஜின் தரையிலேயே இருமி நின்றது.

பிஸ்மி சொல்லிக்கொண்டு மூடியைத் திறந்தார். கை துடைக்க வைத்திருந்த வேஸ்ட் துணியின் நூல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மூச்சு கேட்ட அந்தக் கணத்தில் நூல் விசுக்கென்று தொட்டிக்குள் இழுபட்டது.

"ஸார், மூச்சு வெளிய வரலை. உள்ள போவுது!"

மூடியைச் சூரியனுக்கு நேரே பிடித்தார். பெட்ரோல் குறையக் குறையக் காற்று உள்ளே போக ஊசி நுழையும் அளவுக்காவது ஓர் ஓட்டை இருந்து, வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை. ஓட்டையின் மேல் ஜம்பு கடைசியாக வைத்த பொட்டு காய்ந்து இறுகியிருந்தது. விமானம் முழுவதையும் துடைத்த ஷாகுல் அந்தப் பொட்டைச் சுற்றி மட்டும் துடைத்திருக்கிறார், கலைந்துவிடக் கூடாது என்று.

"மூடியில காத்து ஓட்டை அடைஞ்சா வண்டி நிக்கும்னு குர்லாவுல சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். அவுரு வெரல் பட்ட இடமாச்சேன்னு இதைத் தொடவே இல்லியே ஸார்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அங்கேயே சுரண்டிவிட அவருக்கு மனம் வரவில்லை. மூடியைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்து அகிலாண்டத்தின் முன்னால் வைத்தார்.

"அவரோட ரேகை இன்னும் தெரியறது பாய். இதை மட்டும் தொட வேண்டாம்."

"காத்து உள்ள போவலைன்னா பெட்ரோல் கீழ எறங்காது மாமி. பிள்ளை மேல இருக்கையில இன்ஜின் நின்னுருது."

"வருஷா வருஷம் இப்படித்தானே பொட்டு வெச்சார்? அப்பல்லாம் நிக்கலையே?"

"அதுதான் எனக்கும் வெளங்கலை, மாமி."

அகிலாண்டம் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை தன்னால் கழுத்துச் சங்கிலிக்குப் போய், அதில் தொங்கிய ஊக்கைப் பிடித்தது. பிறகு பெரிதாக அழ ஆரம்பித்தார்.

"விஜயதசமி அன்னிக்குக் கார்த்தால எங்கிட்ட ஊக்கு வாங்கிண்டுதான் கிளம்புவார், பாய். எதுக்குன்னு நான் கேட்டதே இல்லை. அன்னிக்கும் இதுக்குத்தான் கேட்டிருக்கார். பொண்ணுக்காகத்தான் கேட்டிருக்கார்."

அவரே ஊக்கைக் கழற்றிப் பொட்டின் நடுவில் குத்தினார். சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. மீதியை முந்தானையால் அழுத்தித் துடைத்தார். உதிர்ந்த தூளைப் பக்கத்தில் நின்ற சாருலதாவின் நெற்றியில் இட்டார்.

அடுத்த ஞாயிறு அவள் வெகுநேரம் பறந்தாள். இன்ஜின் ஓட ஓடவே வந்து இறங்கினாள். ஷாகுல் போய் மூடியைத் திறந்தார். காதைத் தொட்டியோடு ஒட்டி வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நானும் காத்திருந்தேன். சாருலதா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஷாகுல் சக்கரத்தின் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜம்புவைத் தூக்கிப்போன நாளில்கூட அழாத மனிதர் தேம்பித் தேம்பி அழுதார்.

"இன்ஜின் நல்லாருக்கு ஸார்" என்றார். "அவுருதான் இல்ல."