கொன்றைக்கு ஜாமீன்

பூமரக் கன்று விற்பது, தாகம் என்று வந்தவனிடம் பன்னீர் விற்பது மாதிரியான தொழில். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டோரத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அந்தத் தொழிலைத்தான் செய்துகொண்டிருந்தேன். கன்றை வாங்கி நட்டு, பூக்குமா பூக்காதா என்று அண்ணாந்து பார்த்தே கழுத்து சுளுக்கிக்கொண்டவர்களே, நாமெல்லாம் ஒரே நோயாளிகள். அதனால் உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

இனி வருவதில் முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசிக்குக் குற்றாலத்துச் சாரல் பொறுப்பு. அந்தச் சாரலில் எதை வைத்தாலும் கொஞ்சம் கூடுதலாகத்தான் வளரும். ஒரு ஆடி மாசம் என் குடையின் மூங்கில் காம்பு துளிர்விட்டது. சந்தேகமிருந்தால் என்னோடு வேலை பார்த்த பீர் மைதீனைக் கேட்டிருக்கலாம். கன்றுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நட்டுக் கொடுப்பவன் அவன்தான். நான் ஐந்து துளிர் என்பேன், அவன் மூன்று என்பான். எங்களுக்குள் இருந்த கருத்து வேற்றுமை அவ்வளவுதான்.

என்ன காய்க்கும்?

சீசனுக்குக் குளிக்க வருகிறவர்கள், தலை துவட்டிக்கொண்டே எங்கள் வேலியைப் பிடித்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு தடவை திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர் ஒருவர் உள்ளேயே வந்துவிட்டார். மானம் பார்த்த பூமியில் பருத்தி போடுகிறவர். தகர டின்னில் நின்ற செம்மயில்கொன்றைக் கன்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். இது என்ன காய்க்கும் என்று கேட்டார். பூக்கும் என்றேன். பூத்த பிறகு? உதிரும். உதிர்ந்த பிறகு? வாசல் முழுக்கச் சிவப்புக் கம்பளம் விரித்த மாதிரி கிடக்கும், பார்க்கக் கண் இரண்டு போதாது என்றேன். அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு கூட்டித் தள்ள வேண்டியதுதான் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். வியாபாரத்தில் நான் உண்மை சொன்ன மிகச் சில இடங்களில் அது ஒன்று.

அவர் ஈரத் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "அப்போ துட்டும் குடுத்து, வெளக்குமாத்து வேலையும் சேத்து வாங்கிட்டுப் போவச் சொல்லுதீரு?"

ஆளைக் கொன்ன மரம்

ஒரு நாள் காலையில் நான் கொன்றை விதையைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதன் தோல் அவ்வளவு கெட்டி. தேய்த்து, வெந்நீரில் ஒரு இரவு ஊறப் போட்டால்தான் முளைக்க மனசு வரும். பீர் மைதீன் முகம் வெளுத்து ஓடி வந்தான். வாசலில் ஒரு அம்மா நிற்பதாகவும், ஆளைக் கொன்ன மரம் ஒன்று வேண்டும் என்று கேட்பதாகவும், நம்மிடம் அப்படி எதுவும் இல்லையென்று சொல்லி அனுப்பிவிடட்டுமா என்றும் கேட்டான்.

போய்ப் பார்த்தால் வெள்ளைச் சேலையில் மாதவியம்மா. குத்துக்கல்வலசையில் வாடகை வீட்டில் தனியாக இருந்த மலையாளத்து மிட்வைஃப். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதி அவர் கையில்தான் விழுந்தவை. "எனக்கொரு கொன்ன வேணும்" என்றுதான் கேட்டிருக்கிறார். அவர்கள் ஊரில் மஞ்சள் பூச் சரக்கொன்றைக்கு அதுதான் பேர். சித்திரை முதல் தேதி விடியும்போது கண்ணைத் திறந்ததும் முதலில் கொன்றைப் பூவைப் பார்க்க வேண்டும் அவர்களுக்கு. விஷுக்கணி. இங்கே வந்த நாளிலிருந்து, மலையாளத்திலிருந்து புளியறை வழியாக வருகிற லாரிக்காரர் யாரிடமாவது சொல்லிவிட்டு வரவழைப்பாராம். வாழை இலையைப் பிரித்தால் காம்பு தனியே, இதழ் தனியே கிடக்குமாம். ஒரு வருஷமாவது வாடாத பூவில் கண் விழிக்க வேண்டும் என்றார்.

எப்போது பூக்கும் என்று கேட்டார். கொன்றை பூக்க ஆறு வருஷமும் ஆகும், ஏழும் ஆகும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து ஏழு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. டின்னிலேயே இரண்டு வருஷம் வளர்ந்த கன்று ஒன்றை எடுத்துக் கொடுத்து, மூன்றாம் வருஷம் பூக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சந்தோஷமாகப் போனார். பீர் மைதீன் வண்டியில் கன்றை ஏற்றிக்கொண்டே கேட்டான்: "மூணாம் வருசம்னு சொன்னீரே முதலாளி, அது மரத்துக்குத் தெரியுமா?"

மருமகன்

மரத்துக்குத் தெரிந்திருக்கவில்லை. மூன்றாவது சித்திரை வந்து போயிற்று. மரம் கூரை உயரத்துக்கு மேலே போய், இலையும் தழையுமாக, மாப்பிள்ளை வீட்டு விருந்தாளி மாதிரி கொழுகொழு என்று நின்றது. மாதவியம்மா தினம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கும்போது பூப்பானேன் என்று அது நினைத்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் அருணாசலம் அண்ணாச்சி ஒரு பழைய கார் வாங்கினார். தென்காசியில் கூரை ஓட்டுக் கடை வைத்திருந்தவர். அவர் குடியிருந்ததும் அதே வளவில், ஒரே சுற்றுச்சுவருக்குள் அடுத்த வீட்டில்தான். அந்தக் கார் கிளம்ப ஆறு பேர் தள்ள வேண்டும், நிற்க எட்டுப் பேர் பிடிக்க வேண்டும் என்று பேச்சு. அதற்கு ஷெட் போட வளவுக்குள் ஒரே ஒரு இடம்தான் தோது. அங்கேதான் கொன்றை நின்றது. மாதவியம்மா என்னிடம் ஓடி வந்தார். நான் அண்ணாச்சியிடம் ஓடினேன். இன்னும் ஒரே ஒரு சித்திரை பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். தை பிறந்ததும் கொத்தனார் வருகிறார், பேச்சுக்கே இடமில்லை என்று சொல்லிவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மேலும் சொன்னார்: "மூணு வருசமா ஒண்ணும் தராம என் வீட்டுல நின்னு திங்கதுக்கு அது என்ன என் மருமவனாவே?"

நல்ல காய்ப்பு

தைக்கு முன்னால் பூமொட்டைக் காட்டியாவது அண்ணாச்சியின் மனசைத் திருப்ப வேண்டும். முதல் காரியமாகத் தண்ணீரை நிறுத்தினேன். மரத்தைச் சுற்றி வட்டமாகக் குழி வெட்டி, பக்க வேர்களைக் கொஞ்சம் நறுக்கிவிட்டேன். இதெல்லாம் தொழில். ஊருக்கு இதில் நம்பிக்கை கிடையாது. மரத்துக்கு ரோஷம் வர வேண்டுமானால் பழைய செருப்பையும் விளக்குமாற்றையும் கட்டித் தொங்கவிட வேண்டும் என்றார்கள். சரி என்று என் பழைய செருப்பில் ஒன்றைக் கட்டினேன்.

அதுதான் தப்பு. மறுநாள் அங்கே இரண்டு தொங்கின. போகிற வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொன்று மாட்டிவிட்டுப் போனார்கள். ஒரு வாரத்தில் நாற்பது தேறும். நல்ல செருப்பைத் தொலைத்தவர்கள் தென்காசியிலிருந்து வந்து தேடிப் பார்த்துப் போனார்கள் என்றும், ஒருவருக்கு ஜோடி கிடைத்தது என்றும் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம். மாதவியம்மா மட்டும் வெட்கத்தில் ஒரு வாரம் பின்வாசல் வழியாகவே பிரசவம் பார்க்கப் போய் வந்தார். மொட்டு ஒன்றையும் காணோம். கடிதம் கொடுக்க வந்த தபால்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பூக்காட்டா என்ன, காய்ப்பு நல்லாத்தான இருக்கு."

வெள்ளிக்கிழமை உச்சி

கடைசி வைத்தியம் ஒன்று உண்டு. பூக்காத மரத்தை மிரட்டுவது. ஒருவன் அரிவாளோடு நின்று, "பூக்கியா, வெட்டட்டா?" என்று மூன்று தடவை கேட்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பட்டையில் லேசாக ஒரு கொத்து. மூன்றாவது தடவை கையை ஓங்கும்போது இன்னொருவன் ஓடி வந்து தடுத்து, அடுத்த சித்திரைக்குப் பூக்கும், நான் ஜாமீன் என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு அந்தச் சித்திரை வரைக்கும் மரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. கேலி செய்யாதீர்கள். காயம் பட்ட மரம் பயந்து பூப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

வெட்டுகிறவன் நான், ஜாமீன் பீர் மைதீன் என்று பேசி முடித்தோம். தை மாசம், வெள்ளிக்கிழமை, உச்சிப் பொழுது. நல்ல நாள் பார்த்தது நான். அதோடு விட்டிருக்கலாம். முந்தின நாள் டீக்கடையில், அண்ணாச்சி காதில் விழட்டும் என்று சத்தமாக இரண்டு சட்டம் வேறு போட்டேன். தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் ஜாமீன் சொன்னால் மரம் நம்பாது, அசலாள், அதாவது வேற்றாள்தான் சொல்ல வேண்டும் என்பது ஒன்று. மூன்று தடவை கேட்டும் ஜாமீன் வராவிட்டால் வெட்டியே தீர வேண்டும், வெட்டாமல் விட்டால் அந்த வளவுக்கு ஆகாது என்பது இரண்டாவது. இரண்டுமே நான் அங்கே உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள் உண்டாக்கியவை.

மறுநாள் வளவு நிறையக் கூட்டம். அண்ணாச்சி ஷெட்டுக்கு அளவெடுக்கக் கொத்தனாரையும் கயிற்றையும் கூட்டி வந்திருந்தார். நான் தலைப்பாகை கட்டிக்கொண்டு முதல் தடவை கேட்டேன். ஒரு கொத்து. கூட்டத்தில் பீர் மைதீனைத் தேடினேன். காணோம். இரண்டாவது தடவை கேட்கும் முன்னால் மரத்தின் தாத்தா, பாட்டன் பெருமையெல்லாம் சொல்லி நேரத்தை இழுத்தேன். அப்போதுதான் பள்ளிவாசல் பாங்குச் சத்தம் காற்றில் வந்தது. வெள்ளிக்கிழமை உச்சியில் பீர் மைதீன் எங்கே இருப்பான் என்பது தென்காசித் தாலுகாவில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவதும் கேட்டாயிற்று. மாதவியம்மா படியிலிருந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பக்கத்துப் பெண்கள் அவர் கையைப் பிடித்து, நீங்க சொல்லக் கூடாதும்மா, மரம் நம்பாதாம் என்று அடக்கிவிட்டார்கள். அவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். மூன்றாவது தடவையும் கேட்டேன். கையை ஓங்கினேன். அசலாள் யாராவது முன்னே வருவார்கள் என்று பார்த்தால், மரத்துக்கு ஜாமீன் நிற்க எவனுக்கும் துணிச்சல் இல்லை. பூக்காவிட்டால் ஊர் சிரிக்குமே. ஓங்கிய கை வலிக்க ஆரம்பித்தது. வெட்டாமல் இறக்கவும் முடியாது, சட்டம் போட்டவன் நான். அருணாசலம் அண்ணாச்சி என்னைப் பார்த்தார். படியில் நின்ற அம்மாவைப் பார்த்தார். அவருடைய பேரன் தலை திரும்பிக் கிடந்தபோது இரண்டு நாள் கண் மூடாமல் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தவர் அந்த அம்மாதான். கையிலிருந்த கயிற்றைக் கொத்தனாரிடம் கொடுத்துவிட்டு, அண்ணாச்சி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நிறுத்தும்வே. வெட்டாதியும். வார சித்திரைக்குப் பூக்கும். நான் ஜாமீன்."

ஒரே ஒரு கொத்து

தொழுகை முடிந்து தொப்பியோடு ஓடி வந்த பீர் மைதீனுக்கு, தன் வேஷத்தை வேறொருவர் போட்டுவிட்டாரே என்று கொஞ்ச நாள் வருத்தம். அண்ணாச்சியின் பாடு அதைவிட மோசம். ஊரறியச் சொன்ன சொல். காலையில் பல் தேய்ப்பது மரத்தடியில். மத்தியானம் கடையிலிருந்து வந்து ஒரு பார்வை. செருப்புகளையெல்லாம் அவரே அவிழ்த்துப் போட்டார். யாராவது ஒரு செம்பு தண்ணீர் ஊற்றப் போனால் சண்டைக்குப் போனார். கார் அந்தக் கோடை முழுக்கத் தெருவில் கிடந்து, பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்தது. பங்குனியில் மரம் மொத்த இலையையும் கொட்டியபோது, செத்துப் போச்சா என்று கேட்க எங்கள் வேலிக்கே வந்துவிட்டார். பூக்கிறதுக்கு முன்னால் கொன்றை இப்படித்தான் எல்லாவற்றையும் கழற்றிப் போடும் என்றேன். இந்தத் தடவை நான் சொன்னது உண்மை. ஆனால் அதை நானே முழுசாக நம்பவில்லை.

பங்குனி முடிய நான்கு நாள் இருக்கும்போது, தாழ்ந்த கிளையில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரே ஒரு கொத்து இறங்கியது. பச்சை மணி மாதிரி மொட்டுகள். விஷுவுக்கு முந்தின நாள் சாயங்காலம் மூன்று மொட்டு விரிந்தது. மாதவியம்மா கத்தரிக்கோலோடு வந்தார். அண்ணாச்சி குறுக்கே நின்றுகொண்டார். இருப்பதே ஒன்று, அதையும் பறித்துவிட்டால் ஜாமீன் சொன்னவன் ஊருக்கு எதைக் காட்டுவான் என்று அவருக்குக் கவலை. பூ இல்லாமல் கணி எப்படி என்று அந்த அம்மாவுக்குக் கவலை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பூ வீட்டுக்குள் வராவிட்டால், கணி வெளியே வரட்டுமே என்றேன்.

அப்படித்தான் அந்த வருஷம் கணி வாசலுக்கு வந்தது. மரத்தடியில் மணையைப் போட்டு, வெண்கல உருளியில் அரிசி, வெள்ளரிக்காய், தேங்காய், கோடி வேட்டி, கண்ணாடி, பக்கத்தில் விளக்கு. மற்ற வருஷங்களில் அந்த அம்மா தானே எடுத்து வைத்து, தானே கண்ணை மூடிக்கொண்டு, நிலைப்படியில் முழங்காலை இடித்துக்கொண்டு போய்ப் பார்ப்பாராம். அன்றைக்கு விடியும்போது அண்ணாச்சியின் வீட்டம்மா பின்னாலிருந்து அவர் கண்ணைப் பொத்தி, ஒவ்வொரு படியாகச் சொல்லி இறக்கிக் கூட்டி வந்தார். நானும் பீர் மைதீனும் தெருவில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கையை எடுத்ததும், கொத்து மாதவியம்மாவின் நெற்றிக்கு நேரே தொங்கியது. கீழே கண்ணாடிக்குள் இன்னொரு கொத்து. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு விரலை மெதுவாகப் பூவின் பக்கம் கொண்டு போனார். அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார்: "கண்ணு நெறையப் பாருங்கம்மா, தொட மட்டும் செய்யாதீங்க. சாயங்காலம் வரைக்கும் ஊரு வந்து பாக்கணும், என் மானம் அதுலதான் தொங்குது."

இத்தனை வருஷத் தொழிலில் நான் கண்டுபிடித்த உரம் ஒன்றே ஒன்றுதான்: மரத்தை வெட்ட வருகிறவனையே அதற்குப் பொறுப்பாளி ஆக்கிவிட்டால், சாணி பாதிக் கூடை போதும்.