புது மெஷினுக்குத் திருநீறு

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் எனக்கு மலேசியாவில் எங்கள் ஊரான கிள்ளானே மறந்துபோகும். அரிசிமணி அளவு இருக்கும் அந்தச் சிப், லென்சுக்குக் கீழே ஒரு பட்டணமாக விரிந்துவிடும். நேர்நேரான தெருக்கள், சந்துகள், ஓரங்களில் சின்னச் சின்னச் சதுர முற்றங்கள். ஆள் நடமாட்டம் மட்டும் கிடையாது. தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒரு முற்றத்தில் ஒட்டி, வளைத்துக்கொண்டுபோய் சிப்புக்கு வெளியே நீட்டியிருக்கும் உலோகக் காலில் ஒட்டவேண்டும். அதுதான் என் வேலை. ஒட்டிக்கொண்டே அந்தத் தெருக்களில் நடப்பேன். எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன். "இந்தப் பொண்ணு உக்காந்துக்கிட்டே தூங்குது லா" என்று கேலி செய்வார்கள். தூங்கினால் கம்பி கோணும். என் கம்பி கோணியதே இல்லை. அந்தக் கர்வம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

பெட்டாலிங் ஜெயா பக்கம் ஒரு தொழிற்பேட்டையில் இருந்தது அந்த ஃபேக்டரி. விடிவதற்குள் கம்பெனி பஸ் எங்களை அள்ளிக்கொண்டு போகும். உள்ளே நுழையுமுன் வெள்ளை அங்கி, தொப்பி, முகமூடி. கண் மட்டும்தான் வெளியே தெரியும். பவுடர், மை, பூ, பொட்டு எதுவும் ஆகாது. ஒரு தூசி விழுந்தால்கூட சிப் செத்துவிடும் என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

என் பக்கத்து நாற்காலியில் பந்திங்கிலிருந்து வரும் ஒரு அக்கா. கல்யாணமானவர். தினமும் பொட்டை அழிக்கும்போது, "முருகா, அவரைப் பாத்துக்கோ" என்று முணுமுணுப்பார். புருஷன் துறைமுகத்தில் மூட்டை சரிந்து இடுப்பு ஒடிந்து வீட்டோடு கிடந்தார். அக்கா சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. வேலை நேரத்தில் பேசக்கூடாது என்பதால் எங்கள் பேச்செல்லாம் கண்ணாலேயே நடக்கும். பசிக்கிறதா, சூப்பர்வைசர் வருகிறாரா, என்ன கோபம் என்பதெல்லாம் எங்களுக்குக் கண்ணிலேயே தெரியும்.

எண்பதுகளின் நடுவில் சரக்கு விற்கவில்லை என்று பேச்சு வந்தது. அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வாங்க ஆளில்லையாம். அங்கே யாரோ கம்ப்யூட்டர் வாங்காததற்கு இங்கே எங்கள் ஓவர்டைம் நின்றது. பஸ்ஸில் இடம் பிடிக்கச் சண்டை போட்ட நாங்கள், ஆளுக்கொரு ஜன்னலில் சாய்ந்துகொண்டு போனோம். அப்புறம் புது மெஷின் வந்தது. ஒரு வரிசை பெண்கள் செய்யும் வேலையை அது ஒன்றே செய்யும். அதைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி போதும். எங்கள் வரிசையில் ஆள்குறைப்பு போக மிஞ்சியவர்கள் அக்காவும் நானும். இருவருக்கும் பழக்குவார்கள், ஒருத்தியைத்தான் வைத்துக்கொள்வார்கள்.

எனக்கும் அந்த வேலை வேண்டும். வேலை இல்லையென்றால் சுங்கை பூலோவில் காத்திருந்த மாப்பிள்ளைக்கு உடனே தாம்பூலம் மாற்றிவிடுவார் அப்பா. ஆனால் அக்காவைப் பார்த்தால் அவர் வீட்டு அடுப்புதான் நினைவுக்கு வரும்.

அந்த வாரம்தான் ஆயுத பூசை வந்தது. கிள்ளானில் லோரிகளெல்லாம் மாலை போட்டுக்கொண்டு நின்றன. அன்று காலையில் அக்கா சட்டைக்கைக்குள்ளிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்தார். கோயில் திருநீறு. மெஷினின் பின்பக்கம் மூன்று விரலால் ஒரு பட்டை இழுத்தார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "என்னக்கா இது, பாம்புக்குப் பால் வாக்கிறீங்க? நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட வந்தது இது!"

"புதுச் சாமானைப் பூசை போடாம ஓட்டலாமா? பாவம், அதுவும் உழைக்கத்தானே வந்திருக்கு" என்றார். எங்கள் வேலையைப் பிடுங்க வந்ததன் மேல் அப்படி ஒரு கரிசனம்.

மத்தியானம் மெஷின் படுத்துவிட்டது. கம்பி ஒட்டாமல் ஒட்டாமல் பிய்ந்துவந்தது. இன்ஜினியர் பின்மூடியைக் கழற்றினார். விரலில் சாம்பல் ஒட்டியது. சூப்பர்வைசர் ஒரு மலாய்க்கார அம்மா. எங்களை நிறுத்தி, "சியாப்பா புவாட்?" என்றார். யார் செய்தது? என் கண் அக்கா பக்கம் போய்ப் போய்த் திரும்பியது. அதற்குள், "நான்தான்" என்று அக்கா ஒரு அடி முன்னால் வைத்துவிட்டார்.

அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். உடை மாற்றும் அறைக்கு ஓடினேன். "ஏன்க்கா சொன்னீங்க? யாரும் பாக்கல."

"நீ பாத்தியே. உன் கண்ணு அப்படித் தவிச்சுது. பாக்கச் சகிக்கல." பொட்டை வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளும் கம்பி பிய்ந்தது. மற்ற வரிசை மெஷின்களிலும் அதே கதை. இன்ஜினியர் தலையைச் சொறிந்து சொறிந்து கடைசியில் கண்டுபிடித்தார்: புதிதாக வந்த தங்கக் கம்பிச் சுருளே சரியில்லை. பின்மூடியில் இருந்த திருநீறு உள்ளே போகவே இல்லை. நான் நேரே சூப்பர்வைசரிடம் போய் நின்றேன், அக்காவைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று. அவர் நல்லவர். என் தோளைத் தொட்டு, இன்னும் மெஷின்கள் கப்பலில் வந்துகொண்டிருக்கின்றன, போனவர்களைக் கூப்பிட மேலிடம் ஒப்பாது என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பந்திங் பஸ் ஏறினேன். வழியெல்லாம் செம்பனை மரங்கள், இருபக்கமும் வரிசை வரிசையாய். எங்கே இறங்கவேண்டும் என்பதே கனவு மாதிரி நழுவிக்கொண்டிருந்தது. அக்கா வாசலில் விற்பனைக்கு நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அவர் புருஷன் படுத்திருந்தார்.

"உங்க திருநீறால இல்லக்கா. கம்பிதான் சரியில்ல. இன்ஜினியரே சொல்லிட்டாரு."

அக்கா வாழையிலையைக் கீழே வைத்தார். "நெசமாவா?" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "வேலை போனதுகூட எனக்குப் பெருசாத் தெரியல. கோயில் திருநீறு ஒரு சாமானைக் கெடுத்துடுச்சேன்னுதான் ராத்திரியெல்லாம் அழுதேன். அப்பாடா! சாமி கைவிடல." முகம் அப்படிப் பூரித்துப்போனது. அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் முழுதாகப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உள்ளே திரும்பி, "கேட்டீங்களா, நம்ம திருநீறு இல்லையாம்!" என்று புருஷனிடம் கத்திச் சொன்னார்.

எனக்குத் தேத்தண்ணீர் கலக்கினார். கலக்கிய கை பாதியில் நின்றது. என்னைப் பார்க்காமல், குவளையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தப்பு என் மேல இல்லன்னு ஆயிடுச்சே. அப்ப என்னைத் திரும்பக் கூப்பிடுவாங்களா?"

"மாட்டாங்கக்கா" என்றேன்.