இடது கையால் ஓர் ஆசீர்வாதம்

எங்கள் கட்டடத்தில் எட்டு வீடுகள். யாங்கூனின் பபேடான் பகுதியில் உள்ள மற்ற பழைய கட்டடங்களைப் போலத்தான் இதுவும்: கீழே கடைகள், மேலே நான்கு மாடி, லிப்ட் கிடையாது. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்கும். நுனியில் கிளிப், மேல்முனையில் மணி. பத்திரிகைக்காரர் கிளிப்பில் தாளைச் செருகிக் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். எந்த வீட்டு மணி அடித்தாலும் எட்டு வீட்டிலும் தலைகள் வெளியே வரும். யாருக்கு என்ன வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் எங்கள் கட்டடத்தில் யாருக்கும் சாப்பாடு இறங்காது.

இவ்வளவு கூர்மையான காதுகளுக்கு நடுவில்தான், ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் அப்பா மாடிப்படியில் பிடித்துத் தள்ளப்பட்டார். ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

பின்னணியில் என் பங்கும் உண்டு. நான் மின்னணுவியல் படித்தவள். இன்வர்ட்டரும் பேட்டரியும் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை செய்கிறேன். கரண்ட் எப்போது வரும் என்பதே ஊரின் முதல் கேள்வியாகிவிட்ட இந்த வருடங்களில், கட்டடத்தின் தண்ணீர் மோட்டாரும் என் பொறுப்பில் வந்து விழுந்தது. கரண்ட் இருக்கும் சில மணி நேரத்துக்குள் எட்டுத் தொட்டிகளும் நிரம்ப வேண்டும். நான் பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டினேன். கீழ்த்தொட்டிகள் நிரம்பி மூடிக்கொண்ட பிறகுதான் நாலாம் மாடிக்கு அழுத்தம் ஏறும். ஆகவே நாலாம் மாடிக்குக் கடைசி முறை. இது எனக்கு இயற்பியல். நாலாம் மாடிக்காரருக்கோ இது கலார் ஆட்சி.

கலார் என்பது இந்திய முகம் உள்ளவர்களைப் பர்மியர் இழித்துச் சொல்லும் சொல். அதை அன்பாகத்தான் சொல்கிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். அந்த அன்பு எங்களுக்குத் தேவைக்கு மேலேயே கிடைத்திருக்கிறது.

அன்று அப்பா கோயிலிலிருந்து நெற்றியில் திருநீறோடு வந்தார். கையில் சர்க்கரைப் பொங்கல் டப்பா. எங்கள் வீடு இரண்டாம் மாடி. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அவர் முதலில் மூன்றாம் மாடிக்குப் போவார். அங்கே இருக்கும் ஓய்வுபெற்ற பர்மிய ஆசிரியைக்கு அந்தப் பொங்கல் பிடிக்கும். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். கட்டடம் முழுக்க அவரை ஸயாமா, அதாவது டீச்சர், என்றுதான் கூப்பிடும். அவர் கதவுக்கு முன்னால் அப்பாவும், மேலிருந்து இறங்கி வந்த நாலாம் மாடிக்காரரும் சந்தித்தார்கள்.

"கலார்! தண்ணிக்கு நீங்க நேரம் குறிப்பீங்களா? போ, உன் நாட்டுக்குப் போ!"

சொல்லிக்கொண்டே தள்ளினார். அப்பா உருண்டு இரண்டாம் மாடியில் போய் விழுந்தார். அவர் பிறந்ததும் அதே இரண்டாம் மாடியில், அதே வீட்டில்தான். ஆக, சொன்னபடி அனுப்பிவைத்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். இவ்வளவு குறைந்த தூரத்துக்கு யாரையும் நாடு கடத்தியிருக்க மாட்டார்கள்.

வலது மணிக்கட்டு ஒடிந்தது. அம்மா இன்னும் கோயிலில் இருந்தார். நான் கீழே மோட்டார் பக்கத்தில் இருந்தேன். எங்கள் இருவருக்கும் கேட்காததில் வியப்பில்லை. மற்ற ஏழு வீடுகளையும் போலீஸ் கேட்டபோது பதில் ஒன்றாகவே வந்தது: மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை. ஸயாமாவும் அதையேதான் சொன்னார்.

அந்த மோட்டாரை எனக்குத் தெரியும். மறுநாள் அதை ஓடவிட்டு ஒவ்வொரு மாடியாக ஏறி நின்று கேட்டேன். மூன்றாம் மாடியில் ஸயாமா வீட்டுச் சுவர்க்கடிகாரம் துடிப்பது கதவுக்கு வெளியே கேட்டது.

அன்று சாயங்காலம் எங்கள் பால்கனி முன்னால் ஒரு கயிறு இறங்கி வந்து நின்றது. ஸயாமாவின் கயிறு. கிளிப்பில் எங்கள் பொங்கல் டப்பா, கழுவித் துடைத்து. ஒன்றும் கேட்காத ஸயாமா, டப்பா தன் வாசலில் கிடப்பதை மட்டும் எப்படியோ பார்த்திருக்கிறார். பொங்கலும் வீணாகவில்லை போல.

போலீஸ் குறிப்பில் "படி வழுக்கியது, அண்டை வீட்டார் மனத்தாங்கல்" என்று எழுதியிருந்தது. முதலில் வார்டு ஆபீஸில் சமாதானம் பேசுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதை வார்டு அதிகாரியிடம் பர்மியத்தில் சொல்வதற்கு முன் வீட்டில் எங்களிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"அவரு ஜெயிலுக்குப் போக வேணாம். ஏன் தள்ளுனாருன்னு எழுதணும். அந்தச் சொல்லு பேப்பர்ல இருக்கணும்."

"எழுதிட்டா கை ஒட்டிக்கிருமா?" என்றார் அம்மா.

"கை தானா ஒட்டிக்கிரும். இது ஒட்டாது."

வார்டு அதிகாரி நல்ல மனிதர். எல்லோருக்கும் நல்லவராக இருப்பதால் யாருக்கும் பயன்படாதவர்.

"ஊலே," என்றார், சித்தப்பா என்று உறவு வைத்து. "அந்தச் சொல்லை எழுதினா விஷயம் பெருசாயிடும். கை ஒன்னுதானே? கடோ பண்ணச் சொல்றேன். முடிச்சுக்கலாம்."

கடோ என்பது மூத்தவர் முன் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட மூன்று முறை வணங்குவது. தப்பு செய்த சின்னவர் கடோ செய்துவிட்டால் பேச்சு முடிந்தது. அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு, தள்ளியவருக்கு நாற்பது. வயதுக் கணக்கில் சிக்கல் இல்லை. நாலாம் மாடிக்காரர்தான் சிக்கல் கண்டுபிடித்தார். கலார் முன்னால் முழங்கால் மடங்காதாம்.

அதிகாரி ஒரு நாள் யோசித்துத் தீர்வோடு வந்தார். ஆபீஸ் சுவரில் உயரத்தில் புத்தர் மாடம் இருக்கிறது. அப்பாவின் நாற்காலியை அதற்கு நேர் கீழே போட்டுவிடலாம். நாலாம் மாடிக்காரர் புத்தரைக் கும்பிடுவார், அப்பா தன்னைக் கும்பிட்டதாக எடுத்துக்கொள்ளலாம். அதிகாரியின் மூளையைப் பாராட்டத்தான் வேண்டும். ஒரே இணைப்பில் இரண்டு பல்பையும் எரியவிட்டார்.

"தமீ, நீயாவது சொல்லு," என்று என்னையும் மகளாக்கிக்கொண்டார். நானும் அப்பாவைப் போகச் சொன்னேன். சரி, தப்பு என்று இரண்டு பத்தியாகப் பட்டியல் போட்டுப் பார்த்துதான் சொன்னேன். நான் சொன்ன தவறான ஆலோசனைகளிலேயே மிக ஒழுங்காகத் தயாரிக்கப்பட்டது அதுதான்.

காலை பத்து மணிக்குச் சடங்கு. தேங்காய், வாழைப்பழம், பிளாஸ்டிக் தட்டு. அப்பா வலது கையைக் கட்டோடு மார்பில் தொங்கவிட்டு மாடத்தின் கீழ் உட்கார்ந்தார். நாலாம் மாடிக்காரர் மண்டியிட்டார். கண் மாடத்தின் மேல், அப்பாவைத் தாண்டி. முதல் வணக்கம். இரண்டாவது. மூன்றாவது முறை குனிந்தபோது அவர் தலை அப்பாவின் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் இருந்தது.

காலில் விழுகிறவரைத் தொட்டு வாழ்த்தாமல் விடுவது எங்கள் வீடுகளில் பழக்கமில்லை. கல்யாணத்தில், பொங்கலில், பரீட்சைக்குப் போகும்போது எத்தனை தலைகள். அப்பாவின் கை தன்பாட்டில் நீண்டது. வலது கை கட்டில் இருந்ததால் இடது கை.

"நல்லா இரு," என்று தமிழில் சொல்லித் தலையில் கை வைத்தார்.

பர்மாவில் வளர்ந்த மனிதனின் தலையை இன்னொருவர் தொடக் கூடாது. இடது கையால் தொடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். இந்த ஊரிலேயே பிறந்த அப்பாவுக்கு அது தெரியாதா? தெரியும். கைக்குத் தெரியவில்லை.

நாலாம் மாடிக்காரர் துள்ளி எழுந்தார். தட்டு உருண்டது. "தலையைத் தொட்டுட்டான்! எல்லாரும் பாத்தீங்கல்ல?" எல்லோரும் பார்த்திருந்தார்கள். அங்கே மோட்டார் ஓடவில்லை. ஆபீஸ் மேசையிலிருந்தே தாளை இழுத்து, நின்றபடியே புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதிகாரி வாங்கிப் படித்தார். முகம் கொஞ்சம் மாறியது. "இதை வேற மாதிரி எழுதலாமே," என்று மெதுவாகச் சொன்னார். எழுதியவருக்கு ஆத்திரத்தில் காதில் விழவில்லை.

அப்பா எட்டிப் பார்த்தார். பர்மிய எழுத்தை நிதானமாகப் படிப்பவர் அவர். "இந்தக் கலார் இடது கையால் என் தலையைத் தொட்டு அவமதித்தான்" என்று முதல் வரியிலேயே இருந்தது, அழுத்தமான கையெழுத்தில்.

"பேனா இருக்கா?" என்று அதிகாரியிடம் கேட்டார்.

"எதுக்கு ஊலே?"

"எழுதியிருக்கிறதெல்லாம் உண்மை. ஒத்துக்கிறேன். ஒரு சொல்லுகூட மாத்த வேணாம்."

இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டார். நான் உடனே போனில் படம் எடுத்தேன். பிறகு இன்னொரு படம், மங்கலாக இருந்துவிடக் கூடாதே என்று.

அப்பாவுக்கு எழுத்தில் எச்சரிக்கை கிடைத்தது. பிறர் தலையைத் தொடக் கூடாது. அதற்கான காரணம், எழுதியவரின் சொற்களிலேயே, இணைக்கப்பட்டது. அந்த இணைப்போடு போலீஸுக்குப் போனோம். படி வழுக்கிய கதையை இனி அவர்களாலும் நேராக வைத்திருக்க முடியவில்லை. வழக்கு பதிவாகியிருக்கிறது. நடந்துகொண்டிருக்கிறது, அதன் வேகத்தில்.

கட்டடம் இப்போது இரண்டு கட்சி. நாலாம் மாடியும் இன்னும் மூன்று வீடுகளும் எங்களோடு ஒரே பட்டியலில் பெயர் வேண்டாம் என்றார்கள். நான் பட்டியலை இரண்டாக வெட்டி எதிரெதிர்ச் சுவரில் ஒட்டினேன். தண்ணீர் ஒரே குழாயில், பழைய வரிசையிலேயே ஏறுகிறது. நாலாம் மாடிக்காரர் எங்கள் வாசலைக் கடக்கும்போது தொப்பி போட்டுக்கொள்கிறார்.

போன வெள்ளிக்கிழமை மணி அடித்தது. ஸயாமாவின் கயிறு எங்கள் பால்கனி முன்னால் வந்து நின்றது. கிளிப்பில் ஒரு சீட்டு. அப்பா எடுத்துப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டிய அதே சாய்வான எழுத்து: யோசித்துப் பார்த்ததில், அன்று அந்தச் சொல் எனக்கும் கேட்டதாகத் தோன்றுகிறது, தேவையென்றால் வந்து சொல்கிறேன்.

"எழுத்துல வந்த பின்னாடி காது தெறந்திருச்சாக்கும்," என்றார் அம்மா. "பொங்கல் கிங்கல்னு குடுத்துராதீங்க."

அப்பா கயிற்றைப் பிடித்தபடி மேலே பார்த்தார். மூன்றாம் மாடியில் ஒரு நரைத்த தலை காத்திருந்தது. நாலாம் மாடியிலும் ஒரு தலை, தொப்பியோடு. அப்பா என் பக்கம் திரும்பி, இரண்டு மாடிக்கும் கேட்கிற குரலில், பர்மியத்தில் கேட்டார்:

"ஏம்மா, மோட்டாரை நிறுத்திட்டியா?"