இஸ்திரியக்கா ஓடிய ஐந்து கிலோமீட்டர்

“முட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்கென்ன கேடு?” என்றாள் இஸ்திரியக்கா.

முட்டியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சலவைக்கூடத்துச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள், ஓடாத மின்விசிறியைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் பாட்டுக்கு ஒரு தாளை விரித்து, பறக்காமல் இருக்க அதன் மேல் டீ டம்ளரை வைத்தாள்.

துணி பிரிக்கும் ஒல்லிப்பெண் எட்டிப் பார்த்தாள். உடம்பும் அப்படி, வாயும் அப்படி என்பதால் அவளுக்குக் குண்டூசி என்று பெயர்.

“ஓட்டப் பந்தயமா? அஞ்சு கிலோமீட்டரா? அக்கா, பஸ்ஸு கண்ணு முன்னாடி கிளம்பினாக்கூட ‘அடுத்தது வரும்’னு நிக்கிற ஆளாச்சே நீங்க!”

“அதான் முட்டி நல்லாருக்குன்னு சொல்றேன்ல?”

“எதுக்குக்கா இந்த வயசுல?”

“வயித்துலயே போயிடுற பிள்ளைங்களுக்காக. அதைப் பெத்தவளுங்களுக்காக. ஓடி முடிச்சா ஆளாளுக்கு முடிஞ்சதைக் கொடுப்பாங்க. அது ஆஸ்பத்திரிக்குப் போகும்.”

குண்டூசிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“நான் தர்றேன். ஆனா ஓடணும். நடந்தீங்கன்னா பாதிதான்.”

இஸ்திரியக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. அந்தச் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் பச்சை அங்கிகளும் மூட்டை மூட்டையாக அங்கே வரும். பெரிய துணி எல்லாம் உருளை மெஷினுக்குள் போய் மறுபக்கம் காகிதம் மாதிரி வழவழவென்று வந்து விழும். மெஷினுக்கு அடங்காததைக் கையால் தேய்ப்பது அவள் வேலை.

ஆறு மாசத்துக்கு முன்னால் புதுத்துணி மூட்டை ஒன்று வந்தது. உள்ளே முழம்கூட வராத சின்னச் சின்னத் துணிகள். மெத்தென்று இருந்தன. ஓரத்தில் யாரோ கையால் பின்னிய கரை. கைக்குட்டை என்று சொன்னால் தடிமன் அதிகம், சட்டை என்று சொன்னால் கை இல்லை. டாக்டர்கள் கண்ணாடி துடைப்பார்களாக்கும் என்று நினைத்து, அவள் அவற்றை நாலாக மடித்துத் துடைக்கும் துணிகளோடு அடுக்கிவிட்டாள்.

மூட்டை எடுக்க வந்த வார்டு ஆயா பதறிப்போனாள்.

“ஐயோ, அதோட சேர்க்காதீங்கக்கா! அது செத்துப் பொறக்குற பிள்ளைங்களைச் சுத்துறது. ஒரு அமைப்பு தைச்சுக் கொடுக்குது. ஒரே மாதிரி ரெண்டு இருக்கும். ஒண்ணு பிள்ளையோட போகும், ஒண்ணு அம்மாகிட்டயே இருக்கும்.”

“அம்மாகிட்டயா?”

“ஆமாக்கா. முதல்ல பிள்ளையைச் சுத்தி அவங்க கையில கொடுத்துடுவோம். எவ்வளவு நேரம் வேணாலும் வச்சிருக்கலாம். தனி ரூமு வேற கட்டப் போறாங்க. மத்த பிள்ளைங்க அழுற சத்தம் கேட்கக் கூடாதுல்ல?”

இஸ்திரியக்கா எல்லாத் துணியையும் பிரித்து மறுபடி முதலிலிருந்து தேய்த்தாள். நல்ல காரியம் நடக்கிறதே என்று அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது. இப்போது கொடுக்கிறார்களாம்!

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஏழாம் மாசத்தில் போனது. மயக்கம் தெளிந்து பார்த்தால் வயிறு காலி, பக்கத்துத் தொட்டிலும் காலி. இந்தப் பக்கக் கட்டிலில் ஒரு பிள்ளை அழுதது, அந்தப் பக்கக் கட்டிலில் இன்னொன்று. “நீ பார்க்க வேண்டாம்மா. பார்த்தா மறக்காது” என்று மாமியார் சொன்னாள். பார்க்காமலும்தான் மறக்கவில்லை. புருஷன் கையெழுத்துப் போட்டார், கொண்டுபோய்விட்டார்கள். ஆணா பெண்ணா என்றுகூட அவளிடம் சொல்ல ஒரு நாதி இல்லை. வீட்டுக்கு வந்து கேட்டபோது, புருஷன் “விடு” என்றார். மறுபடி கேட்டபோதும் “விடு”தான். ரெண்டு வருஷத்தில் மகள் பிறந்தாள். அதன் பிறகு அந்தக் கேள்விக்கு வீட்டில் உட்கார இடமில்லாமல் போயிற்று.

இப்போது பந்தயச் சீட்டு அதைத் திரும்பக் கொண்டுவந்தது. ஓடுகிறவர்கள் முதுகில் குத்திக்கொள்ள ஒரு சீட்டு கொடுத்திருந்தார்கள். ‘இவருக்காக ஓடுகிறேன்’ என்று மேலே அச்சடித்து, கீழே மகன், மகள் என்று இரண்டு கட்டம். எந்தக் கட்டத்தில் கோடு போடுவது? ஆஸ்பத்திரியில் பழைய ஏடு இருக்குமா என்று ஆயாவிடம் கேட்டாள். “ஏடா? அந்தக் கட்டடமே இப்ப இல்லக்கா.”

மிச்சம் இருந்தது ஒரே ஆள்.

அவள் புருஷனுக்கு பஸ் டிப்போவில் டயர் மாட்டும் வேலை. ஊரே டயர்க்காரர் என்றுதான் சொல்லும். விடியற்காலையில் பொண்டாட்டி தெருவைச் சுற்றி ஓடுவதைப் பார்த்து முதலில் அவருக்கு மானம் போனது. அப்புறம் அவரே அவள் ஷூவைத் திருப்பிப் பார்த்தார்.

“இதைப் போட்டுக்கிட்டா ஓடுற? அடியில இருக்குற பட்டனெல்லாம் தேஞ்சு வழுக்கையா கிடக்கு. பஸ்ஸா இருந்தா டிப்போவ விட்டு வெளிய அனுப்ப மாட்டேன்.”

பழைய டியூபை அளவெடுத்து வெட்டி, உள்ளே வைக்க இரண்டு மெத்தை செய்து கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது.

“ஏங்க, அந்தச் சீட்டுல...” என்று அவள் ஆரம்பித்தாள்.

“குதிகால் இடிக்குதான்னு பாரு” என்று சொல்லிவிட்டு அவர் கத்தியைக் கழுவப் போய்விட்டார்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. இத்தனை வருஷமாக அவள் மனசுக்குள் ஒன்றைக் கட்டி வைத்திருந்தாள். அந்த முகத்தை அவர் பார்த்திருக்கிறார், சொன்னால் நான் தாங்கமாட்டேன் என்று தனியாகச் சுமக்கிறார் என்று. சாப்பிடும்போது அவர் கை பாதியில் நின்றால், பிள்ளை நினைப்பு வந்துவிட்டதாக்கும் என்று இன்னொரு கரண்டி போடுவாள். வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தால், பேச்சுக் கொடுக்காமல் டீயை மட்டும் வைத்துவிட்டு வருவாள். முப்பத்தொரு வருஷம் அந்த மனுஷனுக்காகப் பரிதாபப்பட்டிருக்கிறாள்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால் மகள் பிள்ளையோடு வந்தாள். பேத்தி பிறந்து ஐந்து வாரம். கொட்டாவி விட்டால் முகம் முழுக்க வாயாகிவிடும். தும்மினால், தன் தும்மலுக்குத் தானே திடுக்கிட்டு, யார் செய்த வேலை இது என்று எல்லோரையும் ஒரு பார்வை பார்ப்பாள். அப்படி ஒரு அழகு எந்த வீட்டிலும் பிறந்ததில்லை என்பதில் அங்கே இரண்டு பேச்சு கிடையாது. டயர்க்காரர் கையில் வாங்கினால் கீழே விடமாட்டார்.

“நெத்தியைப் பாரேன், அப்படியே எங்க அம்மா! காது உங்க வீட்டுக் காது, அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. விரலைப் பாத்தியா? நட்டு கழட்டுற விரலு!”

“அப்பா, பொண்ணுப்பா அது” என்று மகள் சிரித்தாள்.

இஸ்திரியக்காவும் சிரித்தாள். சிரித்த வாயோடு கேட்டுவிட்டாள்.

“அதுக்கு நெத்தி எப்படிங்க இருந்துச்சு?”

“எதுக்கு?”

“மொதல் பிள்ளைக்கு.”

டயர்க்காரர் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நெத்தி வேணாம். ஆணா பொண்ணா, அதை மட்டும் சொல்லுங்க. சீட்டுல எழுதணும். நான் தாங்கிக்குவேன்.”

“இப்ப எதுக்கும்மா அதெல்லாம்...”

“நீங்க ஒருத்தர்தானே பாத்தீங்க?”

“பாக்கல.”

“என்னது?”

“நர்ஸு துணியில சுத்தி எடுத்துட்டு வந்தாங்க. பாக்குறீங்களான்னு கேட்டாங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். பேப்பரை நீட்டினாங்க, போட்டேன். ரெண்டு மணி ஷிஃப்டு. டிப்போவுக்குப் போயிட்டேன்.”

“பேப்பர்ல எழுதியிருக்குமே?”

“படிக்கல.”

மகள் எழுந்து வந்து, அப்பா கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். அது பால் கொடுக்கும் நேரம் இல்லை. குழந்தை அழவும் இல்லை.

இஸ்திரியக்காவுக்குக் கண்ணீர்கூட வரவில்லை. அவர் எதையும் சுமக்கவில்லை. சாப்பிடும்போது கை நின்றதெல்லாம் உப்புக் குறைவாக இருந்ததால் இருக்கும். அந்த முகம் இந்த உலகத்தில் யாரோ ஒரு நர்ஸுக்கு மட்டும் தெரியும். அவளும் அன்றைக்குச் சாயங்காலமே மறந்திருப்பாள். இதைத்தான் நினைத்து நினைத்து அவள் இரண்டு நாளும் அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாள். சோறு மட்டும் போட்டாள். இன்னொரு கரண்டி போடவில்லை.

பந்தயத்தன்று சீட்டில் இரண்டு கட்டத்தையும் அடித்துவிட்டு, அடியில் ‘என் பிள்ளை’ என்று எழுதிக்கொண்டாள். எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது.

கூட்டத்தோடு கிளம்பினாள். முதல் திருப்பத்திலேயே கூட்டம் அவளைத் தாண்டிப் போனது. பின்னால் ஓடுவதில் ஒன்று உண்டு, முன்னால் போகிறவர்களின் முதுகெல்லாம் படிக்கக் கிடைக்கும். ஒவ்வொரு முதுகிலும் ஒரு பிள்ளை. ஒரு உயரமான பையன் முதுகில் இரண்டு சீட்டு இருந்தது. எல்லோரும் ஏதாவது ஒரு கட்டத்தில் கோடு போட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வயிற்றெரிச்சல்தான், ஒத்துக்கொள்ள அவளுக்கு வெட்கமில்லை. அந்த எரிச்சல்தான் பாலம் ஏறும்போது அவளைத் தள்ளிக்கொண்டு போனது.

பாலத்துக்கு அப்பால் நடைபாதையில் குண்டூசி கூடவே வந்தாள்.

“அக்கா, நடக்குறீங்க! பாதிதான்!”

“வாயை மூடுடி! இது ஓட்டம்தான். மெதுவா ஓடுறேன்.”

நல்லாத்தான் இருந்த முட்டி நாலாவது கிலோமீட்டரில் கழன்று விழுகிற மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். கடைசிக் கோட்டுக்கு வரும்போது பந்தல் துணியை அவிழ்க்க ஆரம்பித்திருந்தார்கள். அங்கே அவள் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு டயர்க்காரர் நின்றுகொண்டிருந்தார். யாரோ டீ நீட்டினார்கள், வாங்கவில்லை. பக்கத்து ஆள் என்னமோ கேட்டார், திரும்பவில்லை. கண்ணில் நீர் கோத்து வழிந்தது, துடைக்கவும் இல்லை. அவள் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்ததிலிருந்து கோட்டைத் தாண்டும்வரை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்று காலையில் அவள் கிளம்பும்போது, நானும் வரட்டுமா என்று கேட்கிற மாதிரி அவர் வாசலில் நின்றிருந்தார். அவள் பையை அவர் கையில் கொடுத்தாள். இரண்டு நாளைக்கு அப்புறம் அவள் பேசியது அதுதான்.

“வந்து நில்லுங்க. நான் வரும்போது மட்டும் அந்தப் பக்கம் திரும்பிக்காதீங்க. இதையாவது பாத்துட்டு ஷிஃப்டுக்குப் போங்க.”