டப்பாப் பவுடர் வண்டியில் மைக் பிடித்த காலம்

தொண்டையை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிற தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: நாம் பேசுவதை நாமும் நம்ப வேண்டும் என்று எந்த முதலாளியும் கேட்பதில்லை. விளம்பர வண்டியில் மைக் பிடித்தவர்கள், மருந்துக் கம்பெனிப் பையோடு டாக்டர் வாசலில் காத்துக் கிடந்தவர்கள், கடை கடையாக ஏறி 'நாளைக்கு வாப்பா' என்ற பதிலை வாங்கிக்கொண்டு இறங்கியவர்கள் எல்லாரும் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், பரவாயில்லை.

நான் இருந்தது மதராஸ் கம்பெனி ஒன்றில். பாலிலோ வெந்நீரிலோ கலக்கிக் குழந்தைகளுக்குக் கொடுக்கிற சத்துப் பவுடர் போடுகிறவர்கள். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இத்தனை வருஷம் கழித்தும் அவர்களுக்கு ஓசியில் விளம்பரம் செய்த மாதிரி ஆகிவிடும். அறுபதுகளின் கடைசியில் தர்மபுரி லைனுக்கென்று ஒரு வேன் விட்டார்கள். காரிமங்கலம், கடத்தூர், மொரப்பூர் என்று சந்தை கூடுகிற ஊர்களுக்கெல்லாம் போய், வேன் தலையில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, பிள்ளை கொழுக்கும், படிப்பு ஏறும், மூடியை அழுத்தினால் எறும்புகூட நுழையாது என்று பேச வேண்டும். ஓட்டியவர் முனுசாமி அண்ணன். பேசியவன் நான்.

கோயிலில் பிடித்த குரல்

எங்களுடையது மானாவாரிக் கொல்லை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பம். கோயிலில் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறின புதிதில் வாசகம் வாசிக்க ஆள் தேடிய சாமியார், குரல் கணீரென்று இருக்கிறதே என்று என்னை நிறுத்தினார். அப்படியே தேர்த் திருவிழாவில் மைக்கும் என் கைக்கு வந்தது. தொலைந்துபோன பிள்ளைகளின் அடையாளத்தை நான் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான், அந்த வழியாகக் காரில் போன கம்பெனி மேனேஜர் இறங்கி வந்து என்னைப் பிடித்தார். காணாமல் போன பிள்ளைக்கே இவ்வளவு உருகுகிறவன் பவுடருக்கு எவ்வளவு உருகுவான் என்று கணக்குப் போட்டிருப்பார்.

வேலை தற்காலிகம்தான். லைனில் டப்பா விற்றால் நிரந்தரம், விற்காவிட்டால் வேன் வேறு ஜில்லாவுக்கு, நான் வீட்டுக்கு. அதோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது. மொரப்பூர் ரயில்வே ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவரின் மகள் பிலோமினாவை எனக்குப் பேசியிருந்தார்கள். வேலை நிரந்தரம் ஆனால்தான் கோயிலில் ஓலை வாசிக்கலாம், அதாவது கல்யாணத்தைச் சபையில் அறிவிக்கலாம் என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். ஆக, என் கல்யாணம் ஊர்க் குழந்தைகள் பவுடர் குடிப்பதில் இருந்தது. இதைச் சொன்னபோது முனுசாமி அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார்: “இத்தன நாளு சாமியாரு குடுத்தத படிச்சீங்க, இனிமே மேனேஜரு குடுக்கறத படிங்க தம்பி. அதுல மோட்சம் கெடைக்கும்னாங்க, இதுல பொண்ணு கெடைக்கும்ங்கறாங்க.”

எருமைக்குப் புஷ்டி

கடத்தூர் சந்தையில் ஒரு பெரியவர் மாதம் தவறாமல் வந்து டப்பா வாங்குவார். தலையில் உருமால், கையில் சாட்டை. வீட்டில் பேரன் பேத்திகள் நிறைய இருக்கும் என்று நினைத்து அவர்மேல் எனக்குத் தனி மரியாதை. ஒரு நாள் மேனேஜர் மதராஸிலிருந்து வந்திருந்தார். திருப்தியான வாடிக்கையாளர் ஒருவரைக் காட்டு என்றார். நான் பெருமையோடு பெரியவரைக் கூப்பிட்டு, பவுடரை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று விசாரித்தேன்.

தவிட்டில் கலந்து என்றார் அவர். கன்று போட்ட எருமைக்கு. மேனேஜர் முகம் போன போக்கைப் பார்த்து நான் அவசரமாக, இது பிள்ளைகள் குடிப்பது என்று விளக்கப் போனேன். பெரியவருக்கு என் அறியாமையைப் பார்த்துப் பரிதாபமாகப் போய்விட்டது. தோளில் கை வைத்து நிதானமாகப் புரியவைத்தார்: “புள்ளைங்க நேரா குடிச்சா டப்பாவோட தீந்து போவுதுங்க. எரும குடிச்சா அது பாலா வருது, அந்தப் பால புள்ளைங்க குடிக்குது, சாணி கொல்லைக்கு ஆவுது. கம்பெனிக்காரருக்கு இது தெரியாதுங்களா?”

டாக்டர் வீட்டுக் கடிகாரம்

டாக்டர்களைப் பார்ப்பதும் எங்கள் வேலையில் ஒரு பகுதி. லைனில் இருந்த ஒரு டாக்டருக்குக் கம்பெனி செலவில் சுவர்க் கடிகாரம் ஒன்று போயிற்று. மணிக்கு மணி கோயில் மணி மாதிரி அடிக்கும். அதற்குப் பிறகு அவர் எழுதுகிற சீட்டிலெல்லாம் கடைசி வரியில் எங்கள் பவுடர் இருந்தது. சளிக்கும் பவுடர், சொறிக்கும் பவுடர். மனிதர் நல்லவர்தான், கைராசிக்காரர்தான். வாங்கிக்கொண்ட பொருளுக்கு நன்றி காட்டத் தெரிந்தவர், அவ்வளவே.

முழங்கால் வலி என்று போன ஒரு ஆயா, டாக்டர் எழுதினபடி பவுடரை வாங்கிக் குடித்துவிட்டுச் சந்தையில் எங்கள் வேனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள். சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று நான் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, கால் இப்போது எப்படி இருக்கிறது என்று பணிவாகக் கேட்டேன். ஆயாவிடம் கோபமே இல்லை. வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னாள்: “என் காலு ஓடலீங்க சாமி. டாக்டரு வூட்டுக் கடியாரம் நல்லா ஓடுது.”

டப்பா போன கதை

இதற்கெல்லாம் நடுவில் விற்பனை நன்றாகவே நடந்தது. என் குரல்தான் காரணம் என்று நான் நினைத்துக்கொண்டேன், மேனேஜரும் நினைத்தார். நிரந்தர உத்தரவு வந்துகொண்டே இருக்கிறது என்று மொரப்பூருக்குச் சொல்லி அனுப்பினேன். அந்தச் சமயம் பார்த்து மதராஸில் யாருக்கோ சிக்கன யோசனை உதித்துவிட்டது. தகர டப்பாவை எடுத்துவிட்டு அட்டைப் பெட்டி போட்டார்கள். பெட்டியில் பளபளவென்று ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் படம் வேறு. அடுத்த சந்தையிலிருந்து ஒரு ஈ, காக்கைகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை.

மேனேஜர் என் தொண்டையைக் குற்றம் சொன்னார். நான் மிளகும் பனங்கற்கண்டும் சாப்பிட்டுவிட்டு இன்னும் உருக்கமாகப் பேசினேன். பலனில்லை. கடைசியில் வழக்கமாக வாங்குகிற ஒரு அம்மாளை வழிமறித்துக் கேட்டேன். அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து, என் கையிலேயே கொடுத்துவிட்டு அவர் கேட்டார்: “அந்த டப்பாவுல கேவுரு மாவு போட்டு மூடுனா ஒரு பூச்சி அண்டாதுங்க. பவுடரு வராட்டி போவுது, டப்பா மறுபடி எப்பங்க வரும்?”

புளி மண்டித் தராசு

விழுந்த விற்பனையைத் தூக்கி நிறுத்தக் கொழுகொழு குழந்தைப் போட்டி நடத்தச் சொன்னது கம்பெனி. காரிமங்கலம் சந்தையில் பந்தல் போட்டோம். முதல் பரிசு, பழைய ஸ்டாக்கில் மிச்சமிருந்த பெரிய தகர டப்பா. அதைச் சொன்னதுதான் தாமதம், பந்தல் கொள்ளாத கூட்டம். கடிகார டாக்டர்தான் நடுவர். குழந்தை எடை பார்க்கிற கருவி வந்து சேரவில்லை என்பதால் புளி மண்டிக்காரரிடம் தராசு வாங்கி வந்தார் முனுசாமி அண்ணன். புளி ஒட்டியிருந்த தட்டில் உட்கார்ந்த பிள்ளைகள் அழுவதை விட்டுவிட்டுத் தட்டை நக்க ஆரம்பித்தன.

ஜெயித்தது மாதம்மாள் என்கிற இளம்பெண்ணின் மகன் மாதேசன். தட்டில் அவன் உட்கார்ந்ததும் எதிர்த் தட்டு எகிறியது. மேனேஜர் பூரித்துப்போய், தாய் கையில் பிள்ளையையும் டப்பாவையும் கொடுத்துப் போட்டோ எடுக்கச் செய்தார். பவுடர் எத்தனை மாதமாகக் கொடுக்கிறாய் என்று வாஞ்சையோடு விசாரித்தார். மாதம்மாள் ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள்: “பவுடரு எதுக்குங்க? என் பாலு குடிக்கறான், இப்ப கேவுரு கூழும் குடிக்கறான். டப்பா குடுப்பாங்கன்னு சொன்னாங்க, அதான் வந்தேன்.”

வண்டியில் ஒட்டின முகம்

அந்த போட்டோ பத்திரிகையில் வந்தது. பெரிய சுவரொட்டியாகவும் வந்தது. எங்கள் வேனின் இரண்டு பக்கமும் மாதம்மாள், இடுப்பில் மாதேசன், கையில் டப்பா. கீழே கொட்டை எழுத்தில், 'பிறந்த நாள் முதல் என் செல்வனுக்கு இந்தப் பவுடர்தான்' என்று அவளே சொன்ன மாதிரி ஒரு வாசகம். மைக்கிலும் அதையே சொல்லும்படி உத்தரவு. சொன்னேன். பெட்டிகள் மறுபடி நகர ஆரம்பித்தன. நம்ம ஊர்ப் பெண்ணே சொல்லிவிட்டாளே என்று ஜனங்கள் வாங்கினார்கள். நிரந்தர உத்தரவு தயார், கையெழுத்துதான் பாக்கி என்று மேனேஜர் சொன்னார். மொரப்பூரில் பெண்ணின் அப்பா முதல் முறையாக என்னை உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார்.

அடுத்த முறை காரிமங்கலம் போனபோது மாதம்மாளே மாதேசனை இடுப்பில் வைத்துக்கொண்டு வேனைத் தேடி வந்துவிட்டாள். தன் முகத்தைத் தானே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். படிக்கத் தெரியாது, ஆனால் நான் ஒலிபெருக்கியில் முழங்கினது அவள் ஊர் வரைக்கும் கேட்டிருக்கிறது. அவளுக்குப் பால் இல்லை, டப்பாவைக் கரைத்து ஊற்றித்தான் பிள்ளையை வளர்த்தாள் என்று பேச்சாகிவிட்டது. அவள் தங்கையைப் பெண் கேட்டு வந்திருந்தவர்கள், அக்காளுக்கு இல்லாதது தங்கைக்கு மட்டும் எப்படிச் சுரக்கும் என்று பின்வாங்கிவிட்டார்கள். தங்கை சோறு தண்ணி இல்லாமல் படுத்துக் கிடக்கிறாளாம். பெண் கேட்டவர்கள் இன்றைக்குச் சந்தைக்கு வந்திருக்கிறார்கள், அவர்கள் காதில் விழும்படி தானே பேச வேண்டும், அதைக் கொடுங்கள் என்று மைக்கைக் காட்டினாள்.

மேனேஜர் வேனிலிருந்து நாலு எட்டு தள்ளி இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் பையில் என் உத்தரவு. அந்த உத்தரவில் என் கல்யாணம். முனுசாமி அண்ணனைப் பார்த்தேன். அவர் எதுவும் தெரியாதவர்போலக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார். ஒரு பெண்ணுக்கு ஓலை வாசிப்பதற்காக இன்னொரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்துவதா என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்திலேயே மைக்கை அவள் கையில் கொடுத்துவிட்டேன். நெருப்புத் துண்டைக் கைமாற்றிய மாதிரி இருந்தது. மாதம்மாள் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, என்னைப் போல் உருகாமல், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற குரலில் சந்தை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: “இந்த வண்டியில இருக்கற மூஞ்சி என்னுதுதான், பேச்சு என்னுது இல்லீங்க. என் பையன் என் பாலு குடிச்சி வளந்தவன். சந்தேகம் இருக்கறவங்க இங்க வாங்க, பசிச்சி அழுவுறான், இப்பவே குடுக்கறேன் பாத்துட்டுப் போங்க.”

ஓலை

பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பியது, கேலிச் சிரிப்பு அல்ல. பெண் கேட்டு வந்தவர்களில் மூத்த அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மாதேசனைத் தூக்கி முத்தம் கொடுத்தார். அந்தக் கல்யாணம் நடந்தது, எனக்கும் அழைப்பு வந்தது. மேனேஜர் உத்தரவை என் கண் முன்னாலேயே கிழித்தார். இளநீரை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார்.

மொரப்பூருக்கு நானே போய் நடந்ததைச் சொன்னேன். பெண்ணின் அப்பா, சிக்னல் விழாத ரயிலைப் பார்ப்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, எழுந்து போய்விடலாம் என்று செருப்பைத் தேடினேன். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியிராத பிலோமினா, கதவுக்குப் பின்னாலிருந்து அப்பாவிடம் சொல்வதுபோல என்னிடம் சொன்னாள்: “வேலை போனது போவட்டும்ப்பா, ஓலை வாசிக்கச் சொல்லுங்க. கொழாயில அவரு பேசறதெல்லாம் நெசம்னு நம்பி நீங்க சம்மதிச்சீங்க. கொழாயில பொய் சொல்றவரு வூட்லயும் சொல்வாரோன்னு எனக்கு பயம் இருந்துது, இனிமே இல்ல.”

எங்கள் கல்யாணத்துக்கு மாதம்மாள் அந்தப் பரிசு டப்பா நிறையக் கேவுரு மாவு கொண்டுவந்து கொடுத்தாள், நான் மைக்கில் அந்தக் கம்பெனிக்காகச் சொன்ன அத்தனையிலும் இன்றுவரை சொன்னபடி நடந்துகொள்வது அந்த டப்பாவின் மூடி ஒன்றுதான்.