மூடுபனி என்று சொன்னேன்

அலமாரியில் மூக்குக்கு நேரே இருக்கும் உப்பு ஜாடி என் கணவருக்குத் தெரியாது. முக்கொம்பில் அக்கரை மரத்தில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தி மட்டும் நன்றாகத் தெரியும். ஸ்ரீரங்கத்து வீட்டில் முன்பெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லியே அவரைக் கிண்டல் செய்வேன். கல்யாணமான புதிதிலேயே அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார்: ஒரு பறவையை இரண்டு பேரும் பார்த்தால்தான் கணக்கு. குரல் மட்டும் கேட்டால் கிடையாது. எவ்வளவு கெஞ்சினாலும் குயிலைக்கூடச் சேர்க்க மாட்டார். அப்படி ஒரு பிடிவாதம்.

அவருக்குக் கண் நரம்பு பட்டுப்போய்க்கொண்டிருக்கிறது, போன பார்வை திரும்பாது என்று தில்லை நகர் டாக்டர் சொன்ன அன்று, திரும்பி வரும் ஆட்டோவில் அவர் ஒன்றுதான் சொன்னார். சிரிப்பானைப் பார்க்காமலே விட்டுவிட்டோமே என்று. பழனி மலையில், மேகம் இறங்கும் சோலைக்காடுகளில் இருக்கும் குருவி அது. சிரிப்பதுபோல் கத்துவதால் அந்தப் பெயர். கொஞ்சமாவது தெரியும்போதே போய்விடலாம் என்று அந்த மாதமே பஸ் ஏறினோம்.

மலைக்கிராமத்தில் நாங்கள் தங்கிய வீட்டுக்குப் பின்னாலேயே சோலை. ஆனால் மேகம் வாசல்வரை வந்து படுத்துக்கொண்டு நகர மாட்டேன் என்றது. உள்ளேயிருந்து சிரிப்பு மட்டும் கேட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. மேகத்தைத் திட்டினேன், குளிரைத் திட்டினேன், ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்த அவரையும் திட்டினேன்.

ஊருக்குக் கிளம்ப வேண்டிய காலையில், பாசி படர்ந்த கிளையொன்றில் அது வந்து உட்கார்ந்தது. கைக்கெட்டும் தூரம். வெள்ளைப் புருவம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. அவர் பைனாகுலரை எடுத்து, குரல் வந்த பக்கமெல்லாம் திருப்பித் திருப்பித் தேடினார்.

"உனக்குத் தெரியுதா?" என்றார்.

தெரிகிறது என்றால், நான் மட்டும் பார்த்ததாகிவிடும்.

"ஒரே பனியா இருக்குங்க. எனக்கும் ஒண்ணும் தெரியல."

அவர் பைனாகுலரை இறக்கினார்.

"பனி அப்பவே வெலகிடுச்சும்மா. மூஞ்சில வெயில் அடிக்குதே."

வருஷம் முழுக்க வெயிலில் வேகும் திருச்சிக்காரி நான். முகத்தில் வெயில் படுவதெல்லாம் எனக்கு ஒரு விஷயமாகவே உறைக்கவில்லை. வசமாக மாட்டிக்கொண்டேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவரோ பைனாகுலரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டார். குருவி மறுபடியும் சிரித்தது.

"கேட்டதையும் கணக்குல சேத்துக்கலாமா?" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு தணிந்த குரலில் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

"சேத்துக்கலாங்க" என்றேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்ததில், இப்போது எனக்கும் அந்தக் குருவி தெரியவில்லை.