நான்கு முறை உயர்ந்த கட்டைவிரல்

இதில் ஒரு வரிகூட நான் இட்டுக்கட்டியது இல்லை. நான் கெமிஸ்ட்ரி டீச்சர். கண்ணால் பார்த்து, அளந்து, எழுதி வைத்த பிறகுதான் எதையும் நம்புகிற ரகம். அதனால்தான் நேரங்களை நிமிடக் கணக்கில் சொல்கிறேன். அன்று என் கையில் இருந்த டைவிங் கடிகாரம் எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்திருக்கிறது. இன்னொன்று, இது நடந்தது ராத்திரியில் இல்லை. பளீரென்று வெயில் அடித்த ஒரு சனிக்கிழமை காலையில்.

என் பெயர் நஞ்சாலா. சொந்த ஊர் ககமேகா பக்கம், மேட்டு நிலம். மாற்றல் ஆர்டர் கிடைத்து இந்தக் கடலோர ஊர் ஷிமோனிக்கு வருவதற்கு முன்னால் கடலை நான் நேரில் பார்த்ததே இரண்டு தடவைதான். இந்தக் கரையில் எங்களை மாதிரி ஆட்களை ‘மேட்டுக்காரங்க’ என்பார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இருக்காது. ஆனால் யாரும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள மாட்டார்கள். நான்கு மாதம் பள்ளிக்கூடம் விட்டால் வீடு, வீடு விட்டால் பள்ளிக்கூடம் என்று கிடந்தேன். பிறகு ஒருநாள் பொறுக்க முடியாமல், உள்ளூர்க்காரர்களே நடத்தும் டைவிங் குழுவில் போய்ப் பெயர் கொடுத்தேன்.

பயிற்சி கொடுத்தவர் கோம்போ. நாற்பது வயது இருக்கும், சிரிக்கவே தெரியாத மனுஷன். தண்ணீருக்குள் பேச முடியாதே, எல்லாம் கைஜாடைதான். ‘நலம்’ என்றால் விரலை வளையமாக்கிக் காட்ட வேண்டும். கட்டைவிரலை உயர்த்தினால் ‘மேலே போகலாம்’ என்று அர்த்தம். எனக்கோ, வகுப்பில் சரியாகப் பதில் சொல்லும் பிள்ளைக்கெல்லாம் கட்டைவிரலைத் தூக்கித் தூக்கியே பழக்கம். கோம்போ ‘நலமா?’ என்று கேட்டால் என் கட்டைவிரல் தானாக எழுந்துவிடும். மற்றவர்கள் படகில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர் முகம் மட்டும் கறுத்துப் போகும்.

“டீச்சர், அந்த வெரல மடக்கி வைங்க. அது வெளையாட்டு இல்ல,” என்று ஒருநாள் அடிக்குரலில் சொன்னார்.

இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆறு வாரம் ஓடியது. அந்தச் சனிக்கிழமை முதல்முறையாக அவர் இல்லாமல் இறங்க வேண்டும். அவர் படகில் காத்திருப்பார். எனக்கு ஜோடி ரிசிக்கி, மீன் ஏலக்கூடத்தில் வேலை பார்க்கும் துடுக்கான பெண். இருவரும் ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பினால், சனிக்கிழமைப் படகில் எனக்கு ஒரு நிரந்தர இடம். இந்த ஊரில் எனக்கென்று கிடைக்கப்போகும் முதல் இடம். அது எனக்கு ரொம்பவே வேண்டியிருந்தது.

மணி 9:40. குதித்தோம். பதினான்கு மீட்டர் ஆழம். முந்தின நாள் மழையில் தண்ணீர் கலங்கியிருந்தது. சிலிண்டர் நிறையக் காற்று, மீட்டரில் முள் 200-ல் நின்றது.

9:52. ரிசிக்கி என் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்தினாள். நானும் சந்தோஷமாக உயர்த்தினேன். பாறை இடுக்கில் ஒரு திருக்கை கிடந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால்... அவளைக் காணோம்.

ஜோடியைத் தொலைத்துவிட்டால் ஒரு நிமிடம் தேடிவிட்டு மேலே வந்துவிட வேண்டும். அதுதான் விதி. நானும் தேடினேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

டிங்... டிங்... டிங்...

சிலிண்டரைத் தட்டும் சத்தம். ஜோடியைக் கூப்பிட அப்படித்தான் தட்டுவோம். தண்ணீருக்குள் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கலங்கலுக்குள், காலில் மாட்டிய மஞ்சள் நிறத் துடுப்புகள் இரண்டு அசைந்தன. பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் குழு கொடுப்பது மஞ்சள்தான், ரிசிக்கி காலிலும் அதுதான். அப்பாடா என்று பின்னாலேயே போனேன்.

9:58. முள் 120.

நான் வேகமாக உதைத்தால் அவளும் வேகமாகப் போனாள். நான் மெதுவானால் அவளும் மெதுவானாள். இடைவெளி குறையவே இல்லை.

10:06. நின்றாள். திரும்பினாள். கட்டைவிரலை உயர்த்தினாள்.

என் பழக்கத்தைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். நானும் பதிலுக்கு உயர்த்தினேன்.

10:10. மறுபடியும் அதே. நானும் அதே. முள்ளைப் பார்த்தேன்.

120.

பன்னிரண்டு நிமிடம் மூச்சு விட்டிருக்கிறேன். முள் ஒரு கோடுகூட இறங்கவில்லை. மீட்டரைத் தட்டினேன்... அசையவில்லை.

10:14. மூன்றாவது தடவை உயர்த்தினாள். இப்போது கொஞ்சம் கிட்டே. ரிசிக்கி தலையில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். இவளுக்குச் சடைகள் மிதந்தன...

என்ன செய்வதென்று தெரியாமல் நானும் விரலைக் காட்டினேன்.

மூச்சை இழுக்கக் கனத்தது.

அவள் தலைக்கு மேலே பார்த்தேன்.

குமிழிகளே இல்லை.

10:17. கண்ணுக்கு நேரே முகம். அவள் மாஸ்க் முழுக்கத் தண்ணீர். உள்ளே கண்கள்... திறந்தபடி.

கட்டைவிரல்.

மேலே...

மேலே போ.

உதைத்தேன். மூச்சை ஊதிக்கொண்டே உதைத்தேன். ஐந்து மீட்டர் மிச்சம் இருக்கும்போது குழாயில் காற்று நின்றது.

10:19. வெயில். கோம்போவின் கை என் தோளைப் பிடித்து இழுத்தது. அவர் இரண்டு தடவை மூழ்கித் தேடியிருக்கிறார். கீழே ஒருவரையும் பார்க்கவில்லை. படகில் ரிசிக்கி துணியைப் போர்த்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். 9:54-லிருந்து அங்கேதான் இருந்திருக்கிறாள்.

“காது வலிக்குது, மேல போலாம்னு காட்டினேன். நீங்களும் சரின்னு காட்டினீங்களே டீச்சர்,” என்றாள்.

கோம்போ என் சிலிண்டரைத் திறந்து பார்த்தார். துளிச் சத்தம்கூட வரவில்லை. கீழே யார் பின்னால் போனேன் என்று சொன்னேன். சடைகளைச் சொன்னேன். விரலைச் சொன்னேன். அவர் படகைக் கரைக்குத் திருப்பினார்.

மூன்று நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். தூங்காத முகம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“எத்தன தடவ காட்டினா?”

“நாலு.”

அப்படியே மதிற்சுவர் ஓரமாக மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அவரும் டைவிங்குக்குப் புதுசாக இருந்தபோது, தங்கை நூருவோடு நாங்கள் இறங்கிய அதே பாறைக்கு இறங்கினாராம். மூன்றாம் நாள்தான் அவள் உடல் கரை ஒதுங்கியது. கலங்கலில் தொலைந்துபோனாள் என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தார். அம்மாவிடமும் அதைத்தான் சொன்னாராம். இன்று வரைக்கும் எல்லோரும் அதைத்தான் நம்புகிறார்கள்.

“அவ தொலஞ்சு போகல டீச்சர். என் எதிர்லதான் இருந்தா. சந்தோஷமா இருக்கா போலன்னு நெனச்சு... நாலு தடவையும் நானும் திருப்பிக் காட்டினேன்.”